பின்னிணைப்பில் ஓர் அண்ணன்

அத்தியாயம் 9

அண்ணன் சின்னவளிடம் பேசி இன்றோடு எட்டு நாள்.

பேச்சு நின்றதே தவிர, தகவல் நிற்கவில்லை. ஒரே சமையலறையில், ஒரே மேஜையில், இரண்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அவன் தன் மனைவி வழியாகத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தான். தூதரக உறவை முறித்துக்கொண்ட நாடுகள் மூன்றாவது நாடு ஒன்றின் வழியாகப் பேசிக்கொள்ளும் என்று சின்னவள் வகுப்பில் பாடமே நடத்தியிருக்கிறாள். அந்த மூன்றாவது நாடு படும் பாடு, அண்ணியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

"விசாரணை மூணு மணிக்குன்னு அவகிட்ட சொல்லு."

"மூணு மணிக்காம்," என்றாள் அண்ணி, தேநீரை வடிகட்டிக்கொண்டே.

"எனக்குக் காது கேக்குது அண்ணி."

"அவளுக்குக் காது கேக்குதாம்." அண்ணி கணவன் பக்கம் திரும்பினாள். "எனக்கும்தான் கேக்குது. உங்க ரெண்டு பேர் நடுவுல நான் என்ன ஒலிபெருக்கியா?"

போன மாதமாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள். இன்று அண்ணன் டிபன் பையை எடுத்துக்கொண்டு, டம்ளரில் பாதித் தேநீரை விட்டுவிட்டு, வெளியே போனான். வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் வழக்கத்தைவிட நீளமாகக் கேட்டது. ஒரு செருப்பைக் கால் மாற்றிப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டான்.

நடந்ததை மறந்தவர்களுக்காகவும், போன வார இதழ் பக்கத்து வீட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்காகவும் ஒரு தடவை சொல்லிவிடலாம்.

சின்னவள் கல்லூரியில் ஒப்பீட்டு அரசியல் நடத்தும் தற்காலிக விரிவுரையாளர். ஒரு நாட்டை இன்னொரு நாட்டின் பக்கத்தில் நிறுத்தி, அது ஏன் அப்படி, இது ஏன் இப்படி என்று கேட்பது அவள் தொழில். இரண்டு நாடுகளில் வாக்கு எண்ணிக்கையில் தில்லுமுல்லு நடக்கிறது. ஒன்றில் கீழ்நிலை எழுத்தர்கள் வெளியே வந்து சொல்லிவிடுகிறார்கள். இன்னொன்றில் யாரும் வாய் திறப்பதில்லை. ஏன்? மூன்று வருடம் அலைந்து, இருபத்துமூன்று பேரைப் பேட்டி எடுத்து, இதை ஒரு கட்டுரையாக எழுதினாள். வாய் திறக்காத நாடு எது என்று கேட்கவே வேண்டாம். சொந்த நாடுதான்.

பேட்டி கொடுத்த உள்நாட்டுக்காரர்களில் ஒருவர் மட்டும் வாய் திறந்திருந்தார். எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கும்போதே முடிவுத் தாள்கள் பதிவேட்டு அறைக்கு வந்துவிட்டன. தொட்டுப் பார்த்தேன், மை காய்ந்திருந்தது என்று சொன்னார். கட்டுரையில் அவர் 'எண் பதினேழு'. வீட்டில் அப்பா.

தேர்தல் தலைமை அலுவலகத்தின் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு சாயங்காலம், இதே மேஜையில், சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, அவர் சொல்லச் சொல்ல அவள் பதிவு செய்தாள். "உங்க பேரு எங்கயும் வராதுப்பா" என்று வாக்குக் கொடுத்தாள்.

பேர் வரவில்லை. கட்டுரையைச் சரிபார்த்தவர்கள், பேட்டி கொடுத்தவர்களைப் பற்றி ஓர் அட்டவணையைப் பின்னிணைப்பாகக் கேட்டார்கள். அப்பாவை மறைக்க, அவள் துறையில் எல்லாரும் செய்வதையே செய்தாள். விவரத்தை மாற்றினாள். எந்தத் தேர்தல் என்பதை மழுப்பினாள். 'ஓய்வு பெற்றவர்' என்பதைப் 'பணியில் இருப்பவர்' ஆக்கினாள். முப்பத்தொரு வருடத்தை ஒன்பது வருடமாக்கினாள். ஒன்பது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. சும்மா தோன்றியது.

பதிவேட்டுப் பிரிவில் சரியாக ஒன்பது வருடமாகப் பணியில் இருப்பவர் ஒரே ஒருவர். அப்பா எழுந்த நாற்காலியில் மறுமாதம் போய் உட்கார்ந்தவர். தங்கை என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று ஒரு நாளும் கேட்காதவர். அவளிடம் அலுவலகத்தைப் பற்றி அரை வார்த்தை பேசாதவர்.

இல்லாத ஓர் ஆளை உருவாக்கப் போய், தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனை அப்படியே வரைந்து வைத்திருந்தாள்.

கட்டுரையை இதுவரை பதினான்கு பேர் படித்ததாக இணையதளம் சொன்னது. அதில் ஆறு பேர் அவளேதான். பின்னிணைப்பு வரை போன வாசகர் ஒருவர்தான். அவர் அரசாங்கத்தில் இருந்தார். எட்டு நாளுக்கு முன்பு அண்ணன் பேருக்கு விசாரணை நோட்டீஸ் வந்தது.

அண்ணன் போன பிறகு, அப்பா மேஜைமேல் போர்வையை நான்காக மடித்து விரித்து, சட்டையை இஸ்திரி போடத் தொடங்கினார்.

"எங்கப்பா கிளம்பறீங்க?"

"சட்டை கசங்கியிருக்கு."

"வீட்டுல இருக்கறவருக்கு எதுக்கு இஸ்திரிச் சட்டை?"

அப்பா காலரைத் திருப்பிப் போட்டார். "மூணு மணிக்கு நானும் போறேன் பாப்பா. பெரியவன் இல்ல, நான்தான்னு சொல்லிட்டு வந்துடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

"அஞ்சு நிமிஷத்துல சொல்லிடலாம்ப்பா. வந்துடத்தான் முடியாது."

வேலையில் சேரும்போது எடுத்த ரகசியக் காப்பு உறுதிமொழி, ஓய்வு பெற்றாலும் தீராது. மீறினால் ஏழு வருடம் சிறை. அப்பாவுக்கு வயது அறுபத்தேழு. முப்பத்தொரு வருடக் கோப்புத் தூசி நுரையீரலில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. இரண்டு மாடி ஏறினால் உட்கார இடம் தேடுவார்.

"அப்ப அவன் போகட்டுமா உள்ள? எனக்குப் பதிலா?"

"அண்ணன் எதுவும் சொல்லலையே. சொல்லலன்னு சொன்னாப் போதும்."

"சொன்னதை நிரூபிக்கலாம். சொல்லாததை எப்படி நிரூபிப்ப?" அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். இருமல் வந்தது. அது முடியும் வரை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் போய் பேசறேன். இது நான் பண்ண தப்பு. நீங்க வரக்கூடாது. சரியா?"

"சரி."

அப்பாவின் 'சரி'யை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எல்லாரும் தவறாகத்தான் புரிந்துகொண்டார்கள். 'செய்கிறேன்' என்று அதற்கு ஒருநாளும் அர்த்தமிருந்ததில்லை. 'காதில் விழுந்தது' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சின்னவளுக்கு இது தெரியும். ஆனால் பத்து மணிக்கு அவளுக்கு வகுப்பு இருந்தது.

வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். முன் வரிசையில் எழுதிக்கொள்கிறவர்கள், நடு வரிசையில் எழுதுவது மாதிரி இருப்பவர்கள், கடைசி வரிசையில் நேர்மையானவர்கள்.

"ஒப்பிடறதுக்கு எடுக்கற ரெண்டும் எல்லாத்துலயும் ஒத்திருக்கணும். ஒண்ணே ஒண்ணுல மட்டும் வேறுபடணும். அப்பதான் அந்த ஒண்ணை வெச்சுக் காரணம் கண்டுபிடிக்க முடியும்," என்றாள். போன வருடமும் இதே வாக்கியம். போன வருடம் இதைச் சொல்லும்போது அவள் மனதில் இரண்டு நாடுகள் இருந்தன. இன்று ஒரே நாற்காலி, ஒரே அலமாரி, ஒரே வீடு. இரண்டு ஆண்கள். ஒருவர் பேசினார். ஒருவனுக்குப் பேச எதுவுமில்லை.

அடுத்த பக்கம் திரையில் விழுந்தது. தலைப்பு: பேட்டி கொடுப்பவரைப் பாதுகாப்பது எப்படி? மூன்றாவது வரி: சிறு விவரங்களை மாற்றுக. எடுத்துக்காட்டு: வயது, பணிக்காலம்.

அவளே தயாரித்த பக்கம். அவளே தேர்ந்தெடுத்த எடுத்துக்காட்டு.

முன் வரிசைப் பெண் ஒருத்தி வரிக்கு வரி எழுதிக்கொண்டிருந்தாள். சின்னவள் அந்தப் பேனாவையே பார்த்தாள். அதை எழுதாதே என்று சொல்ல வாயெடுத்தாள்.

"மேடம், இது பரீட்சைக்கு வருமா?" என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

"வரும்," என்றாள். "எதிர்பார்க்காதப்ப வரும்."

ஐம்பத்திரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே நடையில் துறைத்தலைவர் பிடித்துக்கொண்டார். அவளைப் பணியில் நிரந்தரமாக்கும் குழு அடுத்த வாரம் கூடுகிறது. "உங்க பலமே அந்தக் கட்டுரைதான்மா. குழுவுல எல்லாருக்கும் ரொம்பத் திருப்தி."

"படிச்சாங்களா சார்?"

"முப்பத்தொரு பக்கம்னு பார்த்தாங்க," என்றார் துறைத்தலைவர், அதே திருப்தியோடு.

தேர்தல் அலுவலகத்தில் விசாரணை மூன்றாவது மாடியில். லிஃப்ட் கதவில், வேலை செய்யாது என்று எழுதிய அட்டை தொங்கியது. அட்டை பழுத்து, ஓரம் சுருண்டிருந்தது. படியேறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் அப்பாவை நினைத்தாள். நல்லவேளை, வரச் சொல்லவில்லை.

தன்னையும் விசாரிக்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே அனுப்பிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். விசாரிக்கச் சொல்லித் தானாக வருகிறவர்களைப் பார்த்துப் பழக்கமில்லாததால், வாசலில் இருந்த காவலர் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

நாற்பது நிமிடம் கழித்து அண்ணன் வெளியே வந்தான். அவளைப் பார்த்தான். டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். பை அப்படியே கனமாக இருந்தது. சாப்பிடவில்லை.

"அடுத்து நீங்க வாங்க மேடம்."

விசாரணை அதிகாரி அவள் எதிர்பார்த்ததைவிட இளையவர். சுத்தமான மேஜை. நடுவில் அவள் கட்டுரை, அச்செடுத்து, தைத்து, பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு போட்டு. அவளுடைய மாணவன் எவனும் எந்தப் புத்தகத்தையும் இவ்வளவு மரியாதையாக வைத்திருந்ததில்லை.

"மூணு தடவை படிச்சேன் மேடம். முறையியல் பகுதி ரொம்ப நேர்த்தி."

மூன்று வருட உழைப்புக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அவளை மீறி ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அந்தக் கணத்துக்காகப் பிறகு அவள் வெகுகாலம் வெட்கப்பட்டாள்.

"எண் பதினேழு உங்க அண்ணன்தானே?"

"இல்ல."

"அப்ப யாரு?"

"சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்திருக்கேன்."

"மதிக்கிறேன்." அவர் உண்மையிலேயே தலையசைத்தார். "ஆனா ஒரு சந்தேகம். ஒன்பது வருஷக்காரர் ஒருத்தர்தான் இருக்காரு. அவர் இல்லன்னா, நீங்க விவரத்தை மாத்தியிருக்கீங்க. ஏன் மாத்தணும்? வேற யாரையோ மறைக்க. இதுவரைக்கும் சரியா மேடம்?"

கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "பேட்டி நடந்த இடம்னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்க. நல்ல பழக்கம். அலுவலகம், பூங்கா, ரயில் நிலையம், அலுவலகம்..." மஞ்சள் பேனா கீழே இறங்கி நின்றது. "பதினேழுக்கு மட்டும் சமையலறை."

வயதை மாற்றியிருந்தாள். வருடத்தை மாற்றியிருந்தாள். தேர்தலையே மழுப்பியிருந்தாள். அந்த ஒரு கட்டத்தில் கை வைக்க மறந்திருந்தாள். அவளுக்கு அது ஓர் இடமாகவே தோன்றியதில்லை. அது வீடு.

"பெரியவர் எப்படி இருக்காரு? இருமல் தேவலையா?" என்றார் அதிகாரி.

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழ்நிலை எழுத்தர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதற்கு அவள் முப்பத்தொரு பக்கத்தில் ஐந்து காரணம் எழுதியிருந்தாள். சட்டம், படிநிலை, பதவி உயர்வு, சக ஊழியர் நெருக்கடி, பழக்கம். ஒருவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அப்பாவின் இருமலைப் பற்றி அக்கறையோடு விசாரிப்பது அந்த ஐந்தில் இல்லை.

"தேர்தலுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு," என்றார் அவர். "யாரையும் உள்ள தள்ளணும்னு எங்களுக்கு ஆசையில்ல மேடம். அது செய்தியாகும். சொன்னது இல்லாமப் போனாப் போதும்."

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது.

'எண் பதினேழு என்று நான் குறிப்பிட்ட நபர் என் கற்பனை. அவர் கூறியதாக எழுதியவை அனைத்தும் நானே புனைந்தவை.'

"ஒரு நகல் கோப்புக்கு. ஒண்ணு உங்க கல்லூரிக்கு. ஒண்ணு கட்டுரை வந்த இதழுக்கு. உங்க அண்ணன் நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வரலாம். பெரியவரை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"எழுதிக் கொடுக்கலன்னா?"

"ரெண்டு பேருல ஒருத்தர் பேசியிருக்காரு. யாருன்னு நீங்க சொல்ல மாட்டீங்க. அப்ப நாங்க ரெண்டு பேரையும் கேக்கணும். வயசானவர்கிட்ட கேக்கறதுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்."

பொய் ஆராய்ச்சி செய்தவள் என்று ஒரு தடவை பேர் வாங்கினால், அந்தத் தொழிலில் அதற்குப் பிறகு எந்தக் கதவும் திறக்காது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு முன்னால் வந்து நின்றது அது இல்லை. காலையில் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற கை. ஏழு சாயங்காலம் அந்தக் கை டம்ளரைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. சொல்லி முடித்த அன்று அப்பா சொன்னார்: "இப்பதான் பாப்பா மூச்சு விட்ட மாதிரி இருக்கு."

கையெழுத்துப் போட்டாள்.

"தேதி மேடம்."

தேதியும் போட்டாள். ஒரு மனிதர் இல்லாமல் போவதற்குத் தேதி வேண்டுமல்லவா.

பேருந்து நிறுத்தத்தில் கூரை இருந்தது, நிழல் இல்லை. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், நடுவில் டிபன் பையோடு உட்கார்ந்தார்கள்.

"என்ன எழுதிக் கொடுத்த?"

எட்டு நாளில் அவளிடம் நேரடியாகச் சொன்ன முதல் வாக்கியம். அவள் சொன்னாள். அவன் குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேலை போயிடுமே."

"போகும்."

"லூசு." குரலில் திட்டு இல்லை. "உன்னை யாருடி கையெழுத்துப் போடச் சொன்னது?"

"பின்ன? நீ சொல்லாததுக்கு நீ உள்ள போகணுமா? எட்டு நாளா என் மூஞ்சியப் பார்க்கல நீ. அவ்வளவு கோபம் உனக்கு."

"கோபமா?" அண்ணன் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "பயம்டி. உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு பயம்."

"என்ன தெரிஞ்சுது?"

"நோட்டீஸோட உன் கட்டுரைப் பக்கம் ஒண்ணு வெச்சு அனுப்பியிருந்தாங்க. படிச்சேன். போன தேர்தல். மத்தியானம் ரெண்டரை மணி. எண்ணிக்கை பாதிகூட முடியல. முடிவுத் தாள் கட்டுக்கட்டா வந்துடுச்சு, ஆறாம் அலமாரில அடுக்குன்னாங்க. தொட்டுப் பார்த்தேன்." விரல் நுனியைக் கட்டைவிரலால் தேய்த்தான். "மை காய்ஞ்சிருந்தது."

அவள் அந்த விரல் நுனியைப் பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லல. உங்க அண்ணிகிட்டகூட. நீ எழுதினதைப் பார்த்ததும், தூக்கத்துல உளறிட்டேனோன்னு அவகிட்டயே கேட்டேன். குறட்டைதான் விடறீங்கன்னா." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "பணியில் இருப்பவர், ஒன்பது வருஷம், மை காய்ஞ்சிருந்தது. எல்லாம் சரியா இருந்துச்சு. உள்ள அவர் கேட்டப்ப, நான் சொல்லலன்னு நாப்பது நிமிஷம் சொன்னேன். பார்க்கலன்னு ஒரு தடவைகூட வாயில வரல."

எல்லாவற்றிலும் ஒத்திருக்க வேண்டும், ஒன்றில் மட்டும் வேறுபட வேண்டும். ஒரே நாற்காலி. ஒரே அலமாரி. அப்பா பார்த்தார். பிள்ளையும் வேறொரு தேர்தலில் பார்த்தான். ஒரே மேஜையில் ஒன்பது வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருவரை மறைக்க அவள் போட்ட பொய், இன்னொருவரைப் பற்றிய உண்மையாக இருந்திருக்கிறது. அரை மணி நேரத்துக்கு முன்பு அவள் அந்த இரண்டு பேரையும் கற்பனை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தேதி போட்டு.

"அப்ப நான் இல்லன்னா," என்றான் அண்ணன் மெதுவாக, "பதினேழு யாரு?"

அவள் வாயைத் திறக்கவில்லை. வாக்குக் கொடுத்திருந்தாள்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. அண்ணி. "மாமாவைக் காணோம். இஸ்திரி போட்ட சட்டையும் இல்ல. உங்களோட வந்தாரா?"

பேருந்து வந்து நின்றது. அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டிய பேருந்து, வீட்டுப் பக்கமிருந்து வந்து திரும்பும் பேருந்து. முன்கதவு வழியாக ஒருவர் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, நிதானமாக இறங்கினார். காலர் விறைப்பாக நின்றது. கீழே இறங்கியதும் மூச்சு வாங்க நின்று, தலையை உயர்த்தி அலுவலகத்தைப் பார்த்தார். பிறகுதான் பெஞ்சைப் பார்த்தார்.

"அடடே, ரெண்டு பேரும் இங்கயா இருக்கீங்க?"

"அப்பா, சரின்னு சொன்னீங்களே!"

"சொன்னேன்," என்றார் அப்பா. மகளைத் தாண்டி மகனைப் பார்த்தார். "உனக்கு ஒண்ணும் ஆகாதுடா. சொல்ல வேண்டியவன் நான்தான், நான் போய் சொல்லிடறேன். எந்த மாடி?"

அண்ணன் எழுந்து நின்றான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். பதினேழு யார் என்று அவனுக்கு இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுநர் ஒரு தடவை ஒலி எழுப்பி, யாரும் ஏறாததால் கதவை மூடிக்கொண்டு கிளம்பினார்.

"கேக்கறேன்ல. எந்த மாடிடா?"

ஒன்பது வருடமாக மூடியிருந்த வாயை அண்ணன் திறந்தான்.